பழவேற்காட்டில் விற்கப்பட்டவர்களின் பெயர்கள் வேண்டும்

பழவேற்காட்டில் ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு அடிமை வணிக வரலாற்றுப் பயிலரங்கு நடத்துகிறோம். 17ஆம் நூற்றாண்டில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இந்தக் கரையிலிருந்து பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) மனிதர்களை அடிமைகளாகக் கப்பலேற்றியது. பஞ்ச காலத்தில் பிள்ளைகளையும் விற்றார்கள். எலும்புக்கூடுகள் செதுக்கிய வாசலைத் தாண்டிக் கல்லறைத் தோட்டத்துக்குள் போனால் டச்சுக்காரர் பெயர்கள் கல்லில் இருக்கின்றன. "விற்கப்பட்டவங்க பேரு எங்கே?" என்று மாணவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

நூலகத்தில் தேடினோம், கோட்டையும் துணி வியாபாரமும்தான் கிடைத்தன. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் டச்சுப் பதிவுகள் உண்டு, அந்தப் பழைய கையெழுத்தைப் படிக்க ஆளில்லை. எங்களுக்குக் கிடைத்த ஆங்கிலக் கட்டுரைகள் எண்ணிக்கையோடு நின்றுவிடுகின்றன. பயிலரங்கு அடுத்த மாதம்.

விற்கப்பட்ட ஒருவரின் பெயரும் ஊரும் உள்ள ஆவணம் தமிழில் எங்கேனும் கிடைக்குமா?