பாராலீகல் பயிற்சி முடித்தவர்கள் சட்டப்பிரிவெல்லாம் ஒப்பிக்கிறார்கள், அரசு அலுவலகக் கவுண்டரில் போய் நின்றால் பேச்சு வரவில்லை. பயிற்சியை எப்படி மாற்றுவது?

படிக்கட்டு:
ஏழு வருடமாகப் பாராலீகலாக, அதாவது மக்களுக்குச் சட்ட விஷயங்களில் உதவுகிறவராக, இருக்கிறேன். வக்கீல் இல்லை. மனு எழுத உதவுவேன், அலுவலகத்துக்குக் கூடப் போவேன், தகராறு என்றால் இரண்டு பக்கத்தையும் உட்காரவைத்துப் பேசுவேன். இப்போது பதினைந்து பேரைத் தயார் செய்து, அதில் சிலரைத் தலைமைப் பொறுப்புக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். போன முறை ஐந்து நாள் வகுப்பு எடுத்தோம். அதை முடித்த ஒருவர், ஓய்வூதியம் நின்றுபோன ஒரு பாட்டியோடு அலுவலகத்துக்குப் போய், "வெச்சிட்டுப் போங்க, பாக்கலாம்" என்று சொன்னதும் மனுவைக் கொடுத்துவிட்டு ஒப்புகைச் சீட்டுகூட வாங்காமல் திரும்பிவிட்டார். மூன்று மாதம் கழித்துக் கேட்டால், அப்படி ஒரு மனுவே வரவில்லையாம். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை, நாங்கள் அதைச் சொல்லித்தரவே இல்லை.

ஒற்றைப்பனை:
வகுப்பை இரண்டு நாளோடு நிறுத்துங்கள், மீதியை ஆறு மாதம் உண்மையான வழக்குகளில் கற்றுக்கொள்ளட்டும். அந்த இரண்டு நாளிலும் பாதி நேரம் நடிப்புதான்: ஒருவர் கவுண்டரில் அலுவலராக உட்கார்ந்து எரிந்து விழ வேண்டும், இன்னொருவர் குரல் உயர்த்தாமல் "தேதி போட்டு, சீல் வைத்துக் கொடுங்கள்" என்று கேட்டு வாங்கும்வரை எழுந்திருக்கக் கூடாது. ஆப்பிரிக்க நாடான மலாவியில் 2000 முதல் பாராலீகல்கள் சிறைக்குள்ளேயே போய், விசாரணைக் கைதிகளை நடிக்கவைத்து, ஜாமீன் கேட்பது எப்படி என்று சொல்லித்தருகிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் நீதிபதி முன்னால் தனக்காகத் தானே பேசுகிறார்.

மழைக்கால்:
அதெல்லாம் சரி, ஆனால் வழக்கு பார்க்கத் தெரிந்தவரெல்லாம் தலைவர் ஆகிவிட மாட்டார். என் அனுபவத்தில், தலைவராகப் போகிறவருக்கு முதலில் பழக வேண்டியது வழக்குப் பதிவேடு. யார், என்ன கேட்டார், எந்த விதிப்படி, யாரைப் பார்த்தோம், என்ன பதில் வந்தது என்று ஒவ்வொரு நாளும் எழுத வேண்டும். நாற்பது பேருக்கு ஒரே காரணம் சொல்லி மறுத்திருந்தால் அது நாற்பது வழக்கில்லை, கோளாறு விதியில் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்து, அந்த நாற்பது பேரையே மேலதிகாரி முன்னால் பேசவைப்பவர்தான் தலைவர். அவர்களுக்காக எல்லாவற்றையும் தானே செய்துகொடுக்கிறவர் கடைசியில் இன்னொரு இடைத்தரகராகத்தான் போய் நிற்பார், இதை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

கைவிளக்கு:
ஒன்று விட்டுப்போச்சு. பாராலீகல்களுக்குத் துணையாக ஒரு வக்கீல் இருந்தே ஆக வேண்டும். இன்னொரு ஆப்பிரிக்க நாடான சியரா லியோனில் 2003-இல் பாராலீகல் பணியைத் தொடங்கியபோதே சில வக்கீல்கள் பல பாராலீகல்களுக்கு வழிகாட்டுகிற அமைப்பாகத்தான் அமைத்தார்கள், ஏனென்றால் இருந்த கொஞ்சம் வக்கீல்களிலும் பெரும்பாலோர் தலைநகரில்தான். பிறகு 2012-இல் வந்த சட்ட உதவிச் சட்டம் பாராலீகலையே அங்கீகரித்தது. கைது, வன்முறை என்று வந்தால் தானாகப் பஞ்சாயத்து பேசக் கூடாது, உடனே வக்கீலுக்குப் போன் போட வேண்டும். இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

படிக்கட்டு:
மூவருக்கும் நன்றி. அந்தப் பாட்டிக்குப் புது மனு எழுதியாச்சு. திங்கட்கிழமை அதே ஆள்தான் கூடப் போகிறார், நான் வாசலிலேயே நின்றுவிடுவேன். சீட்டை இந்த முறை பாட்டியே கேட்டு வாங்கட்டும், நாளைக்குப் பாட்டியையும் உட்காரவைத்து ஒத்திகை பார்க்கிறோம்.