புதுப்பிப்பு: எக்ஸ்சேஞ்ச் சர்வரில் ரிமோட் பவர்ஷெல் அணுகலை நிறுத்தியாயிற்று

எக்ஸ்சேஞ்ச் 2019 மெயில் சர்வரில், நிர்வாகிகள் தவிர மற்ற எல்லாருக்கும் ரிமோட் பவர்ஷெல்லை (வேறொரு கணினியிலிருந்து கட்டளைகள் கொடுத்து சர்வரை இயக்கும் வசதி) எப்படி நிறுத்துவது என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி.

கைகொடுத்தது இரண்டாவதாக வந்த யோசனைதான். கணக்குகளைப் பட்டியலிடும் கெட்-யூசர் கட்டளையில் அணுகல் திறந்திருக்கும் கணக்குகளை எடுத்து, அதில் நிர்வாகிகளைக் கழித்துவிட்டு, மீதியை கணக்கின் அமைப்பை மாற்றும் செட்-யூசருக்கு அனுப்பி, இந்த அணுகலுக்கான ரிமோட்பவர்ஷெல்எனேபிள்டு மதிப்பை ஃபால்ஸ் ஆக்க வேண்டும், அவ்வளவுதான். இந்த அணுகல் இயல்பாகவே எல்லாக் கணக்குக்கும் திறந்து கிடக்கிறது என்பதுதான் எனக்குக் கவலையாக இருந்தது. 2022 செப்டம்பரில் வெளியே வந்த ப்ராக்ஸிநாட்ஷெல் என்ற எக்ஸ்சேஞ்ச் பாதுகாப்பு ஓட்டையில், ரிமோட் பவர்ஷெல் வழியாகத் தாக்க ஒரு சாதாரண பயனரின் கணக்கும் கடவுச்சொல்லுமே போதுமானதாக இருந்தது, அதை அடைக்கும் பேட்ச் வந்தது நவம்பரில்தான்.

சரி, எதிர்பாராமல் நடந்தவை. முதல் தடவை ஓட்டியபோது சரியாக 1000 கணக்குகள் மட்டுமே மாறின. எங்களிடம் அதைவிட அதிகம். கெட்-யூசர் இயல்பில் 1000-தோடு நின்றுவிடும், ரிசல்ட்சைஸ் அன்லிமிடெட் என்று சேர்த்த பிறகுதான் மிச்சமும் வந்தது. அப்புறம், இரவில் புது ஊழியர்களுக்கு மெயில்பாக்ஸ் உருவாக்கும் ஸ்கிரிப்ட் ஒரு சர்வீஸ் கணக்கில் (ஆளுக்கு அல்ல, நிரல்களுக்கென்று வைத்த கணக்கு) ஓடுகிறது, அதையும் சேர்த்து அடைத்துவிட்டேன். மறுநாள் காலை மூன்று பேருக்கு மெயில் இல்லை. அந்தக் கணக்குக்கு மட்டும் ட்ரூ என்று திருப்பி வைத்ததும் சரியாகிவிட்டது.

உங்கள் சொந்தக் கணக்கை மட்டும் அடைத்துவிடாதீர்கள். சர்வர் முன்னாலேயே உட்கார்ந்து எக்ஸ்சேஞ்ச் மேனேஜ்மென்ட் ஷெல்லைத் திறந்தாலும் அதுவும் ரிமோட் பவர்ஷெல் வழியாகத்தான் இணைகிறது, இன்னொரு நிர்வாகிதான் வந்து திறந்துவிட வேண்டியிருக்கும்.