ரோடு பைக்கா, ட்ரை பைக்கா: முதல் வண்டியில உங்களுக்கு என்ன ஆச்சு? (பெங்களூரு)

அல்சூர்க்காரன்

கோவா அரை அயர்ன்மேனுக்கு (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூணும் சேர்ந்த ட்ரையத்லான் போட்டி) பணம் கட்டின சூட்டோட, சாதா ரேஸ் சைக்கிளான ரோடு பைக்கே ஓட்டிப் பழகாம, நேரா ட்ரையத்லானுக்குன்னே படுத்து ஓட்டற மாதிரி செஞ்ச ட்ரை பைக் வாங்கினவன் நான். செகண்ட் ஹேண்ட், 1,40,000 ரூபா. மத்ததெல்லாம் விடுங்க, ஒரு நாலு செகண்டை மட்டும் சொல்றேன். படுத்தா இன்னும் அதான் ஓடுது.

ஞாயித்துக்கிழமை காலை, ஏர்போர்ட் ரோடு சர்வீஸ் ரோடு, சாதஹள்ளி தாண்டி. ஹேண்டில்ல இருந்து முன்னாடி நீட்டிட்டு இருக்கற ஏரோ பார்ல, முழங்கையை பேட்ல வெச்சு நல்லா படுத்துட்டேன். மீட்டர்ல 36. முன்னாடி ரெண்டு பக்கமும் பால் கேன் தொங்கவிட்ட மொபெட். இண்டிகேட்டரும் இல்ல, கையும் காட்டல, இடது சந்துக்குத் திரும்பறார். என் விரல் தானா இழுத்துச்சு. இழுத்தது பிரேக்கை இல்ல, கியரை! படுத்திருக்கும்போது விரலுக்குக் கிட்ட அது ஒண்ணுதானே இருக்கு. செயின் 'டக்'னு ஒரு பல் மாறின சத்தம் கேட்டுச்சு, வண்டி அதே வேகத்துல போகுது. கையைப் பிரிச்சு, பிரேக் இருக்கற கீழ் ஹேண்டிலான பேஸ் பாருக்குக் கொண்டு போறதுக்குள்ள, கேன் மேல சிவப்பு பெயிண்ட்ல எழுதின 7 என் முகத்துக்கு நேரா வந்துடுச்சு.

ஓரமா ஜல்லியில இறக்கினேன். விழுந்தேன். முழங்கை தோல் போச்சு, வேற ஒண்ணும் இல்ல. மனுஷன் வண்டியை நிறுத்தி, இறங்கி வந்து, என்னைத் தூக்கி விட்டுட்டு சைக்கிளைச் சுத்திப் பார்த்தார். "ப்ரேக் இல்வா சார்?"னு கேட்டார். இருக்கு, ஆனா கை இருந்த இடத்துல இல்லன்னு கன்னடத்துல எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல.

உங்க கதையும் சொல்லுங்க.

ஃப்ரேசர் டவுன் அக்கா

எனக்கு பாட்டில். ட்ரை பைக்ல சீட்டுக்குப் பின்னாடி ராக்கெட் மாதிரி ரெண்டு பாட்டில் வைப்பாங்கல்ல, அதே. என் தம்பியோட வண்டி, ஒரு வாரம் ஓட்டிப் பாருன்னு குடுத்தான். நம்ம ஊர் ஹம்ப் பத்தி உங்களுக்கு நான் சொல்லணுமா. தேவனஹள்ளி பக்கம் ஒரு கிராமத்து ஹம்ப்ல ஏறி இறங்கினேன், ஒரு பாட்டில் கிளம்பிடுச்சு. பின்னாடி பல் தேய்ச்சிட்டு நின்ன தாத்தா கால்கிட்ட போய் விழுந்து உருண்டுச்சு. அவர் எடுத்து, மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். ஆரஞ்சு கலர் எலக்ட்ரோலைட்! என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்க. காலையிலயே குடிச்சிட்டு சைக்கிள் ஓட்றவன்னே முடிவு பண்ணிட்டார்னு நினைக்கிறேன். திரும்பிப் போய் வாங்கவும் வெக்கம். பாட்டில் போனது போனதுதான்.

வீட்டுக்கு வந்து ரோடு பைக் ஆர்டர் போட்டேன். பாட்டில் காலுக்கு நடுவுல, கண்ணுக்கு முன்னாடி இருக்கும்.

கோரமங்கலா_53

சும்மா வண்டி மேல பழி போடாதீங்க அண்ணா. சர்வீஸ் ரோட்டுல, மொபெட்டுக்குப் பின்னாடி, 36-ல யாராவது படுப்பாங்களா? முன்னாடி ஆள் தெரிஞ்சா கை பேஸ் பாருக்கு வந்துடணும். அது ஓட்டறவர் தப்பு.

நானும் முதல் வண்டியே ட்ரை பைக்தான் எடுத்தேன், மூணு வருஷமா ஓட்டறேன். வேகம் ரெண்டு மடங்கானா காத்துத் தடை நாலு மடங்கு. அந்தத் தடையில பெரும்பங்கு சைக்கிளால இல்ல, நம்ம உடம்பால. உடம்பை மடக்கி வைக்கத்தான் இந்த வண்டியே. 1989 டூர் டி பிரான்ஸ் கடைசி நாள்ல அமெரிக்காக்காரர் கிரெக் லெமாண்ட், முதல் இடத்துல இருந்த பிரெஞ்சுக்காரர் ஃபின்யோனுக்கு 50 செகண்ட் பின்னாடி இருந்தார். 24.5 கிலோமீட்டர் டைம் ட்ரையல், அதாவது ஒவ்வொருத்தரும் தனியா ஓட்டி நேரம் பார்க்கறது. ஏரோ பார் மாட்டிட்டு வந்து லாரென் ஃபின்யோனை மொத்தத்துல 8 செகண்ட்ல ஜெயிச்சார். ஃபின்யோனுக்கு ஏரோ பார் இல்ல, தலையில ஹெல்மெட் கூட இல்ல. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

என் அனுபவமா? ஹெப்பாள்ல ஒரு குரூப் ரைடுக்குப் போனேன். கிளம்பறதுக்கு முன்னாடியே லீடர் என் வண்டியைப் பார்த்து, "நீங்க கடைசில வாங்க"ன்னுட்டார், படுத்தா கை பிரேக்ல இருக்காதேன்னு. 60 கிலோமீட்டரும் எல்லார் முதுகையும் பார்த்துட்டே ஓட்டினேன். அது மட்டும் இன்னும் உறுத்துது.

நந்தி போய் வந்தவன்

கோரமங்கலா தம்பி, லெமாண்ட் ஓட்டினது பாரிஸ் ரோட்டுல, போலீஸ் வழி விட்டுக் குடுத்து. அங்க பால்காரர் கிடையாது.

என் கதை சின்னது. பழைய ட்ரை பைக், முன்னாடி பல் சக்கரம் 53-39, பின்னாடி பெருசே 25, மேடு ஏற ரொம்பக் கனமான கியர். அதை வெச்சு நந்தி பெட்டா (நந்தி மலை) ஏறப் போன புத்திசாலி நான். மேல கேட்டுக்குக் கொஞ்சம் முன்னாடி ஒரு கொண்டை ஊசி வளைவுல கால் அப்படியே நின்னுடுச்சு. ஷூவைப் பெடல்ல மாட்டி வைக்கற க்ளீட்டைக் கழட்டி, டக் டக்னு ஆட்டுக் குளம்பு மாதிரி தள்ளிட்டு நடந்தேன். மூச்சு வாங்க நின்னப்ப சுவர் மேல இருந்து குரங்கு ஒண்ணு இறங்கி வந்து, ஃபிரேமோட மேல் குழாய் (டாப் ட்யூப்) மேல ஒட்டியிருக்குமே அந்தக் குட்டிப் பை, அதோட ஜிப்பை நிதானமாத் திறந்துச்சு. வாழைப்பழத்தை மட்டும் எடுத்துக்கிச்சு, எனர்ஜி ஜெல்லைத் தரையில போட்டுடுச்சு. ஜிப்பை என்னைவிட லாவகமாத் திறந்ததுதான் இன்னும் மறக்கல.

இறங்கும்போது இன்னும் மோசம். தாழ்ந்த பார்ல குனிஞ்சுக்கிட்டு ஒவ்வொரு வளைவுக்கும் பிரேக் பிடிச்சு மணிக்கட்டு மரத்துப் போச்சு. ரோடு பைக்காரங்க பாட்டுப் பாடிட்டு இறங்கறாங்க.

மல்லேஸ்வரம் மாமா

நானும் ஒருமுறை விழுந்தேன், சாங்கி டேங்க் பக்கம், ரோடு பைக்லதான். அது கிடக்கட்டும்.

புதுசா வர்றவங்களுக்கு நான் சொல்ல விரும்புவது: முதலில் எந்தப் போட்டி என்று பாருங்கள். டிராஃப்டிங் (காற்றுக்கு மறைவாக இன்னொருவர் பின்னால் ஒட்டி ஓட்டுவது) உண்டு என்றால் ட்ரை பைக்கையே உள்ளே விடமாட்டார்கள். ஒலிம்பிக்கில் ட்ரையத்லான் 2000-ல் சிட்னியில் நுழைந்தது முதல் அப்படித்தான், எல்லாரும் கும்பலாக ரோடு பைக்கில் போவார்கள். கோவா மாதிரி போட்டியில் முன்னால் போகிறவருக்குப் பின்னால் 12 மீட்டர் விட வேண்டும், அங்கேதான் ட்ரை பைக்குக்கு வேலை. அப்படியே ஆனாலும் கணக்குப் போடுங்கள். சைக்கிள் பகுதியான 90 கிலோமீட்டரை மணிக்கு 27 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் 3 மணி 20 நிமிடம். 29-ல் ஓட்டினால் 3 மணி 6 நிமிடம். அந்த 14 நிமிடம் புதியவருக்கு ஒரு பங்சரில் போய்விடும். ட்யூப் மாற்றத் தெரியுமா உங்களுக்கு? பெரும்பாலோர் தெரியாது என்பார்கள்.

அடுத்தது சீட் கோணம். ரோடு பைக்கில் சீட்டைத் தாங்கும் ஃபிரேம் குழாய் (சீட் ட்யூப்) 73 டிகிரி பக்கம், ட்ரை பைக்கில் 76-லிருந்து 80 வரை. இடுப்பு முன்னால் வருவதால் குனிந்தாலும் தொடை வயிற்றில் இடிக்காது. ரோடு பைக்கில் சும்மா ஏரோ பார் மட்டும் மாட்டினால் தொடை இடிக்கும், முதுகு போகும். சீட்டை முன்னால் தள்ளி, கொஞ்சம் உயர்த்தி, ஃபிட்டிங் பார்ப்பவரிடம் காட்டுங்கள். முன் பல் சக்கரம் 50-34 இருக்கட்டும், லேசான கியர், நந்திக்கும் ஆகும். ரோடு பைக்கில் தனியாக மாட்டும் க்ளிப்-ஆன் ஏரோ பாரை முதல் ஆறு மாதம் வாங்கவே வேண்டாம். வாங்கினாலும் காலி ரோட்டில், ஒற்றைக் கையில் பாட்டில் எடுத்துக் குடிக்கப் பழகிய பிறகு. பழைய கார்பன் ஃபிரேம் வாங்கினால் சீட் போஸ்ட் (சீட்டுக்கு அடியில் இருக்கும் கம்பி) கழலுகிறதா என்று பார்த்து வாங்குங்கள், எத்தனையோ வண்டியில் ஒட்டிப்போய் இருக்கும். தினமும் நல்லெண்ணெய் தேய்த்து...

ஃப்ரேசர் டவுன் அக்கா

மாமா, செயினுக்கா முதுகுக்கா?

மல்லேஸ்வரம் மாமா

முதுகுக்கு.

முருகேஷ்பாளையா பொண்ணு

எல்லாரும் ட்ரை பைக்கைத் திட்டறீங்க. நான் கோவாவை ரோடு பைக்லயே முடிச்சேன், சைக்கிள் பகுதி மட்டும் 3 மணி 31 நிமிஷம், விழல, பங்சரும் இல்ல. ஆனா எனக்கு வேற ஒரு சத்தம் நிக்குது. பின்னாடி இருந்து 'வூம் வூம்'னு வரும், டிஸ்க் வீல், கம்பி இல்லாம தட்டு மாதிரி மூடின சக்கரம். திரும்பிப் பார்க்கறதுக்குள்ள ஒரு முதுகு தாண்டிப் போகும். அப்படி எத்தனை முதுகு! அதுல ஒரு அம்மா, என் அம்மா வயசு இருக்கும், தாண்டும்போது "கமான், கமான்"னாங்க. நான் எதிர்காத்துல நெஞ்சைத் திறந்து வெச்சு உக்காந்திருக்கேன், அவங்க மீன் மாதிரி வழுக்கிட்டுப் போறாங்க. அன்னைக்கு ராத்திரியே ஹோட்டல் ரூம்ல ட்ரை பைக் விலை பார்த்தேன். இன்னும் வாங்கல. இன்னும் பார்த்துட்டுதான் இருக்கேன்.

கோரமங்கலா_53

பாத்தீங்களா. அதைத்தான் நானும் சொல்றேன்.

நந்தி போய் வந்தவன்

தம்பி, அவங்க விழாம முடிச்சாங்க. அதையும் படி.

அல்சூர்க்காரன்

மாமா, நான் யோசனை கேட்டு எழுதல, ஆனா சீட் போஸ்ட் விஷயம் உண்மை. என் வண்டியில ஒட்டித்தான் இருக்கு. ரெண்டு கடையில கை விரிச்சிட்டாங்க.

கோரமங்கலா, நீங்க சொல்றது நியாயம்தான். படுத்தது என் தப்பு. ஆனா அந்த வண்டியில உக்காந்தாலே படுக்கத் தோணுதே, அதுக்கு என்ன பண்ண?

இப்ப ரோட்டுக்கு 85,000 ரூபாய்க்கு ஒரு பழைய ரோடு பைக். ட்ரை பைக் ஹால்ல ட்ரெய்னர்ல (வீட்டுக்குள்ளயே நின்ன இடத்துல மிதிக்கற ஸ்டாண்ட்) நிக்குது. அம்மா ஏரோ பார்ல ஈரத் துண்டு காயப்போடறாங்க. ரெண்டு பக்கமும் சமமா தொங்குதாம்.

முருகேஷ்பாளையா பொண்ணு

அண்ணா, அதை விக்கறீங்களா? சைஸ் என்ன?

அல்சூர்க்காரன்

54. விக்கல.