மே 29, திருச்சி கன்டோன்மென்ட்

எங்கள் வீடு திருச்சி கன்டோன்மென்ட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். கூரியர் பையன், ஆட்டோக்காரர், ஊரிலிருந்து வரும் சித்தப்பா, யார் வழி கேட்டாலும் “மேஜர் சரவணன் நினைவிடத்தைத் தாண்டி வாருங்கள்” என்று பல வருடங்களாகச் சொல்லி வந்திருக்கிறேன். அந்த மேஜர் யார் என்று அவர்களில் ஒருவர் திருப்பிக் கேட்டிருந்தால், ‘கார்கில்’ என்ற ஒரு வார்த்தையோடு என் சரக்கு தீர்ந்திருக்கும்.

ஒரு மே 29 அன்று மகளின் என்.சி.சி. பிரிவை அங்கே வரச் சொல்லியிருந்தார்கள். கோடை விடுமுறை, போதாக்குறைக்குக் கத்திரி வெயில். முணுமுணுத்துக்கொண்டேதான் வண்டியை எடுத்தேன். மலர்வளையம், சல்யூட், மௌன அஞ்சலி, புகைப்படம். (புகைப்படத்துக்கு ஆன நேரம் மௌனத்துக்கு ஆகவில்லை.) கூட்டம் கலைந்துவிட்டது.

ஒரு பெரியவர் மட்டும் குனிந்து, மாலைகளிலிருந்து விழுந்த வாழைநாரையும் பிளாஸ்டிக் உறைகளையும் பொறுக்கிக்கொண்டிருந்தார். சட்டையில் குத்தியிருந்த பதக்கங்களில் ஒன்று ஊசி கழன்று கோணலாகத் தொங்கியது. அதைச் சரிசெய்துவிடப் போன மகள்தான் பேச்சை ஆரம்பித்தாள்.

“தாத்தா, நீங்கள் அவரோடு இருந்தவரா?”

“இல்லை பாப்பா. நான் அவரைப் பார்த்ததே கிடையாது. கார்கில் போர் நடந்தபோது ஸ்ரீநகர்–லே சாலையில் ராணுவ லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன்.”

ராத்திரியில்தான் போவார்களாம், ஹெட்லைட் போடாமல். வெளிச்சம் தெரிந்தால் மலைமேலிருந்து பீரங்கிக் குண்டு வரும். முன்னால் போகும் வண்டியின் நிழலைப் பார்த்தே ஓட்ட வேண்டும். “ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பாதாளம். பீடி பற்றவைக்கக்கூட விடமாட்டார்கள்” என்று சிரித்தார்.

மேஜரைப் பற்றிக் கேட்டதும் சிரிப்பு நின்றது. பீகார் ரெஜிமென்ட், முதல் பட்டாலியன். படாலிக் பகுதியில் ஜுபார் மலைமுகடு, பதினாலாயிரம் அடி உயரம். அங்கே பத்து அடி வைத்தால் மூச்சு முட்டும். எதிரி மேலே பதுங்குகுழியில் உட்கார்ந்திருக்கிறான். 1999 மே 29, விடிவதற்கு முன்பு ஏறினார்கள். ராக்கெட் லாஞ்சரால் பதுங்குகுழியை அடித்து இருவரை வீழ்த்தினார் சரவணன். குண்டுச் சிதறல் பாய்ந்த பிறகும் முன்னேறி, மேலும் இருவரை வீழ்த்தினார். பிறகு தலையில் குண்டு பாய்ந்தது. வீர் சக்ரா விருது அவர் மறைவுக்குப் பின் வந்தது.

“என்ன வயது தாத்தா?”

“இருபத்தாறு. ஆகஸ்ட் வந்திருந்தால் இருபத்தேழு. ராணுவத்தில் சேர்ந்து நாலு வருடம்தான் ஆகியிருந்தது. அப்பாவும் ராணுவ அதிகாரி.”

இருபத்தாறு வயதில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று மனம் கணக்குப் போட்டது. ஒரு ஸ்கூட்டர் தவணைக்காக அலைந்துகொண்டிருந்தேன்.

கிளம்புவதற்கு முன் பெரியவர் இன்னொன்று சொன்னார். அந்த முகட்டை நம் படை மீட்டது ஜூலை தொடக்கத்தில். அதுவரை மேஜரின் உடலை எடுக்க முடியவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் அவர் அந்தப் பனியிலேயே கிடந்தார். எனக்கு அது தெரியாது. அந்த ஜூன் மாதம் உலகக் கோப்பை கிரிக்கெட் நடந்தது, அது நன்றாக நினைவிருக்கிறது.

மகள் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாள். “அந்த ஒரு மாதமும் அவர் வீட்டில் என்ன செய்திருப்பார்கள்?”

பெரியவர் கையிலிருந்த வாழைநாரைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மணப்பாறை பஸ் இந்தப் பக்கம் நிற்குமா என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.