தோட்டத்துச் சாளை குடும்பம் – பொங்கல் நோம்பி வாரத்து வாட்ஸ்அப்

ஜனவரி 12, 2026, திங்கள்

அம்மா: செந்தில் கண்ணு, நாளைக்கு ராத்திரியே கிளம்பிவிடுவாயா? புதன்கிழமை சாயங்காலம் காப்புக் கட்ட ஆள் வேண்டும். அப்பா ஏணி ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இவர் கேட்கமாட்டார்.

செந்தில்: வந்துவிடுகிறேன் அம்மா. ஆனால் லேப்டாப்போடுதான் வருவேன். வியாழன், வெள்ளி ரெண்டு ராத்திரியும் எனக்கு ஆன்கால், ஃபோன் அடித்தால் உடனே வேலையில் உட்கார வேண்டும்.

சித்ரா அக்கா: மறுபடியுமா? கிறிஸ்துமஸ் வாரம் பூராவும் நீதானே பார்த்தாய்!

செந்தில்: அதைக் கணக்கிலேயே சேர்க்கமாட்டார்கள் அக்கா. விற்பனை நடக்கிற சமயத்தில் அமெரிக்காக்காரனின் ஆன்லைன் கடை படுத்துவிடக்கூடாது என்று, மென்பொருளில் எதையும் மாற்றாதபடி நவம்பர் கடைசியிலேயே எல்லாவற்றுக்கும் ஃப்ரீஸ் போட்டுவிடுவார்கள். டிசம்பரில் ஒருத்தரும் எதையும் தொடமாட்டார்கள். லீவு முடிந்து வந்ததும், தேங்கிக் கிடந்த மாற்றங்களை எல்லாம் ஜனவரியில் ஒரேயடியாக இறக்குவார்கள். அது வருஷா வருஷம் நம்ம நோம்பியில் வந்து விழுகிறது.

சித்ரா அக்கா: அப்போ கிறிஸ்துமஸுக்குப் பெங்களூரில் உட்கார்ந்து என்னதான் பண்ணினாய்?

நித்யா: ஃபோனைப் பார்த்துக்கொண்டே இருந்தார் அண்ணி. அது அடிக்கவே இல்லை. பாப்பாவுக்கும் அப்போது பள்ளிக்கூடம் லீவு. இப்போதுதான் நான் அவளுக்கு லீவு லெட்டர் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அப்பா: (குரல் பதிவு, 0:52)

தங்கவேல் மாமா: மச்சான், எழுதிப் போடுங்க. இங்கே தறி ஓடுகிற சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

அப்பா: அமெரிக்காக்காரனுக்கு பொங்கலுக்கு லீவே கிடையாதா?

செந்தில்: இல்லைங்கப்பா. அவர்களுக்கு ஜனவரி மூன்றாவது திங்கட்கிழமை, மார்ட்டின் லூதர் கிங் நாள். இந்த வருஷம் 19ஆம் தேதி. அன்றைக்கு நான் பெங்களூரில் இருப்பேன். எங்கள் ஆபீசில் சங்கராந்திக்கு 15ஆம் தேதி ஒரு நாள்தான். பட்டிப்பொங்கலுக்கு நானாக லீவு போட்டிருக்கிறேன்.

சித்ரா அக்கா: எங்களுக்கு 15, 16, 17 மூன்று நாளும் அரசு விடுமுறை. சும்மா சொல்லி வைத்தேன்.

தங்கவேல் மாமா: மாப்பிள்ளை, ரயிலா காரா?

செந்தில்: கார்தானுங்க மாமா. ரயிலுக்கு இப்போது 60 நாளைக்கு முன்னால்தான் திறக்கிறார்கள். முந்தி 120 நாள் இருந்தது. திறந்த அன்றைக்கே வெயிட்டிங் லிஸ்ட்.

தங்கவேல் மாமா: அப்படியென்றால் தொப்பூரில் மாட்டிக்கொள்வாய். கொள்ளேகால் வந்து திம்பத்தில் இறங்கிவிடு. சத்தி, கோபி, நேராகத் தோட்டம்.

செந்தில்: ராத்திரி 9 மணிக்கு மேல் திம்பத்தில் விடமாட்டார்கள். காலை 6 மணிக்குத்தான் திறப்பார்கள். அதுவும் 27 கொண்டை ஊசி வளைவு, பாப்பா முதல் வளைவிலேயே வாந்தி எடுப்பாள்.

அம்மா: அவனுக்குத் தெரிந்த வழியில் வரட்டும். கவர் எடுத்து வை அம்மிணி.

ஜனவரி 14, புதன்

நித்யா: வந்து சேர்ந்துவிட்டோம். தொப்பூரில் நின்றோம்தான். மாமாவுக்குச் சந்தோஷமா?

தங்கவேல் மாமா: நான் அப்போதே சொன்னேன்.

கார்த்தி: (படம்) செந்தில் மாமா ஏணியில். எறவாரத்தில் காப்புச் செருகும்போதும் காதில் மாட்டினதைக் கழற்றவில்லை.

சித்ரா அக்கா: பூளைப்பூ எங்கே கிடைத்தது? இங்கே திருப்பூரில் ஒரு கைப்பிடி கட்டுக்குக் காசு வாங்குகிறார்கள்.

அம்மா: காசா! வாய்க்கால் மேட்டில் சும்மா கிடக்கிறது. வேப்பிலை, ஆவாரை எல்லாம் சேர்த்து உனக்கும் ஒரு கட்டு கட்டிக் கொடுத்துவிடுகிறேன், வந்து வாங்கிக்கொள்.

ஜனவரி 15, வியாழன்

தங்கவேல் மாமா: அனைவருக்கும் இனிய பொங்கல் வாழ்த்துகள். (படம்)

தங்கவேல் மாமா: (படம்)

தங்கவேல் மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சித்ரா அக்கா: பார்த்துவிட்டோம் மாமா. அது போன வருஷத்துப் படம்.

பெரியம்மா: பொங்கல் பொங்கிற்றா கண்ணு? எந்தப் பக்கம்?

அம்மா: கிழக்கால பொங்கினதுங்க அக்கா. செந்தில்தான் படம் பிடிக்காமல் மொட்டைமாடிக்கு ஓடிவிட்டான். தண்ணித் தொட்டி பக்கத்தில்தான் டவர் எடுக்கிறதாம்.

பெரியம்மா: நோம்பி நாளும் அதுவுமாக அப்படி என்ன வேலை? வேறு ஆளே இல்லையா அந்தக் கம்பெனியில்?

அப்பா: வாய்க்காலில் தண்ணீர் விட்டால் நம்ம முறை ராத்திரி ரெண்டு மணிக்கு வந்தாலும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போகிறோமா இல்லையா? அவனுக்கு இது முறை. விடுங்க.

அம்மா: நீங்கள் சாளையிலிருந்து வாய்க்காலுக்குப் போனீர்கள். பெங்களூரிலிருந்து அமெரிக்காவுக்கு மடை திருப்பவில்லை.

சித்ரா அக்கா: 😂😂 அப்பா பதில் சொல்லுங்க

அப்பா: (குரல் பதிவு, 0:03)

ஜனவரி 16, வெள்ளி

சித்ரா அக்கா: பெருந்துறை தாண்டிவிட்டோம். கச்சாயம் சுட்டு எடுத்து வருகிறேன், ஒப்பிட்டுப் போளி சுடுவதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். மாட்டுக்குப் புதுச் சலங்கையும் இருக்கிறது.

அம்மா: 7:20 ஆகிவிட்டது. பட்டியில் எல்லாரும் நிற்கிறோம். கன்னுக்குட்டி தாண்டுகிற சாணித் தெப்பக்குளம் கட்டித் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது. செந்தில் எங்கே?

கார்த்தி: மொட்டைமாடியில்.

செந்தில்: அம்மா, 20 நிமிஷம். அவர்களுக்குக் காலை 9 மணி என்றால் நமக்கு ராத்திரி 7:30. சரியாக இப்போதுதான் புதுசை விடுகிறார்கள்.

அப்பா: கன்னுக்குட்டி நிற்கமாட்டேன் என்கிறது. இப்போதே ரெண்டு பேரை உதைத்துவிட்டது.

அம்மா: கொஞ்சம் பொறுங்க. பையன் வரட்டும்.

செந்தில்: அம்மா, நீங்கள் தாண்ட விடுங்கள். இங்கே மாட்டிக்கொண்டது. கிறிஸ்துமஸுக்கு வாங்கினதையெல்லாம் ஜனவரியில்தான் திருப்பிக் கொடுப்பார்கள். அந்தப் பணம் கார்டுக்குப் போகமாட்டேன் என்கிறது. விட்டதைப் பழையபடி திருப்பச் சொல்லியிருக்கிறேன்.

தங்கவேல் மாமா: எத்தனை பேர் பணம் மாப்பிள்ளை?

நித்யா: மாமா, இப்போது அவரைக் கேட்காதீர்கள்.

கார்த்தி: (வீடியோ) தாண்டிவிட்டது! தெப்பக்குளம் உடைந்துவிட்டது. தாத்தா வேட்டி பூராவும் சாணி.

பெரியம்மா: பட்டி பெருக, பால் பானை பொங்க!

செந்தில்: வீடியோ சுற்றிக்கொண்டே இருக்கிறது, திறக்கவில்லை. சத்தம் மட்டும் இங்கேயே நேரில் கேட்டது.

செந்தில்: சரியாகிவிட்டது. இறங்கி வருகிறேன். யாராவது என் செருப்பைப் பார்த்தீர்களா?

ஜனவரி 17, சனி

சித்ரா அக்கா: பூப்பறிக்கப் போகிறவர்கள் சாப்பாட்டுத் தூக்கோடு மூன்று மணிக்கு வாசலில் நில்லுங்கள். ஆவாரம்பூ இருக்கிற இடம் பெரியம்மாவுக்குத்தான் தெரியும். கும்மி தெரியாது என்று யாரும் நழுவக்கூடாது, முக்கியமாக நித்யா.

நித்யா: நான் வருகிறேன் அண்ணி. இவர் தூங்குகிறார், ராத்திரி ஒரு மணிக்கும் ஃபோன் வந்தது. அப்புறம், ஒன்று சொல்லட்டுமா? வருகிற கிறிஸ்துமஸ் வாரத்துக்கு நாங்கள் இங்கே வந்துவிடுகிறோம். அடிக்காத ஃபோனை அவர் இங்கேயே உட்கார்ந்து பார்க்கட்டும்.

அம்மா: வாங்க சாமி! மார்கழிப் பனிக்குப் பாப்பாவுக்கு ஸ்வெட்டர் மட்டும் கொண்டு வந்தால் போதும்.

கார்த்தி: அப்போ பொங்கலுக்கு?

நித்யா: பொங்கலுக்கும் வருவோம். ஆன்கால் முறையை ஆபீசில் வேறு யாரோடாவது மாற்றிக்கொள்ளச் சொல்லி அக்டோபரிலேயே பிடித்துக்கொள்கிறேன்.

தங்கவேல் மாமா: என் வீட்டில் ஃபைபர் இருக்கிறது. இங்கே வந்து உட்காரட்டும்.

அப்பா: நம் வீட்டுப் பையன் எதற்கு இன்னொரு வீட்டில் உட்கார வேண்டும்? லைன்காரனைத் திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டேன். தென்னைமரத்தில் கட்டி இழுக்கலாமா என்று கேட்கிறான்.

செந்தில்: இப்போதுதான் எழுந்தேன். தென்னையில் வேண்டாங்கப்பா, மட்டை விழுந்தால் அறுந்துவிடும். வேப்பமரத்தில் கட்டச் சொல்லுங்கள்.

அப்பா: வேப்பமரம் பங்காளி எல்லையில் இருக்கிறது. கம்பம் நட்டுக்கொள்ளலாம்.

தங்கவேல் மாமா: என்னிடம் பழைய இரும்புக் கம்பம் ரெண்டு கிடக்கிறது மச்சான். வண்டி அனுப்புங்க.