சி டிரைவ்ல 83 ஜிபி எங்க போச்சு? (வீட்டு குரூப்)

கலா: சித்தப்பா, லேப்டாப்ல சி டிரைவ் சிவப்புக் கோடு காட்டுது. மொத்தம் 238, காலி 7 ஜிபிதான். உள்ள இருக்கிற ஃபோல்டர் எல்லாத்தையும் செலக்ட் பண்ணி பிராப்பர்ட்டீஸ் பாத்தா 148தான் வருது. மிச்சம் 83 எங்க?

மணி: 256ன்னுதானே பெட்டில போட்டிருந்தான்?

சித்தப்பா: அது தொலையலடா. டிஸ்க் செய்றவனுக்கு 1 ஜிபின்னா 100 கோடி பைட், விண்டோஸுக்கு 107 கோடி சொச்சம். அதான் 238.
கலா, ஹிட்டன் ஐட்டம்ஸ் ஆன் பண்ணிட்டுப் பாத்தியா?

கலா: ஆன்லதான் இருக்கு.

சித்தப்பா: அது பத்தாது. சிஸ்டம் ஃபைலுக்குத் தனி மறைப்பு. அதோட உனக்கு அனுமதி இல்லாத ஃபோல்டரை எக்ஸ்ப்ளோரர் 0ன்னு கூட்டும், ஒரு வார்த்தை சொல்லாது. விஸ்ட்ரீன்னு எந்த ஃபோல்டர் எவ்வளவு இடம் பிடிக்குதுன்னு காட்டுற சாஃப்ட்வேர் இருக்கு, அதைப் போட்டு ரைட் கிளிக், 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்'. டிஸ்க்கோட ஃபைல் பட்டியலையே நேரா படிக்கும், சில நொடிதான்.

அத்தை: எதையாவது அழிச்சுடாதீங்க, கல்யாண போட்டோ அதுலதான் இருக்கு

மணி: பாக்கத்தான் போறா அத்தை 🙏

கலா: வந்துடுச்சு. சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன் 61 ஜிபி! ஹைபர்ஃபில் 6.4, பேஜ்ஃபைல் 9. மிச்சம் இதே லேப்டாப்ல இருக்கிற அப்புவோட யூசர் ஃபோல்டரும் அவன் ரீசைக்கிள் பின்னும்.

சித்தப்பா: 61தான் திருடன். ரீஸ்டோர் பாயிண்ட், அதாவது ஏதாவது கெட்டா பழைய நிலைக்குத் திரும்ப விண்டோஸ் எடுத்து வைக்கிற நகல், எல்லாம் அங்கதான் உக்காந்திருக்கு. ஸ்டார்ட்ல 'கிரியேட் எ ரீஸ்டோர் பாயிண்ட்'னு தேடு, சி-யைத் தொட்டு கான்ஃபிகர் போ. அதுக்கு எவ்வளவு இடம் வரைக்கும் விட்டிருக்குன்னு 'மேக்ஸ் யூசேஜ்'ல இருக்கும், எவ்வளவு?

கலா: 100%

மணி: அதான பாத்தேன். சில பேக்கப் சாஃப்ட்வேர் வரம்பைத் தூக்கிடும். அப்புறம் ஏறிக்கிட்டே இருக்கும்.

சித்தப்பா: 5%க்கு இழு, சுமார் 12 ஜிபி. ஓகே குடுத்ததும் பழசுலேருந்து தானா கழியும். போட்டோவுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா ஒரு ஃபைலோட பழைய வடிவத்தைத் திரும்ப எடுக்க 'ப்ரீவியஸ் வெர்ஷன்ஸ்'னு இருக்கே, அதுல பழசு போயிடும். அந்த ஃபோல்டருக்குள்ள அனுமதி பிடுங்கி கையால டெலீட் பண்ண மட்டும் போகாத.

மணி: வின்எஸ்எக்ஸ்எஸ்னு விண்டோஸ் தன் சொந்த ஃபைல்களை வச்சிருக்கிற ஃபோல்டரையும் தொடாத அக்கா. ஒரே ஃபைலை ரெண்டு இடத்துல காட்டும், எக்ஸ்ப்ளோரர் ரெண்டு தடவை கூட்டும், அதான் பூதமாத் தெரியுது. டிஸ்க் கிளீனப்ல 'கிளீன் அப் சிஸ்டம் ஃபைல்ஸ்', அதுல விண்டோஸ் அப்டேட் கிளீனப் டிக் பண்ணினா போதும். செட்டிங்ஸ் வழியா டெம்பரரி ஃபைல்ஸ்குள்ள போனா டவுன்லோட்ஸும் அந்த லிஸ்ட்ல நிக்கும். அதை டிக் பண்ணிடாத, மொத்தமும் போயிடும்.

கலா: ஹைபர்ஃபில்?

சித்தப்பா: ஹைபர்னேட் பண்றப்போ, அதாவது வேலையை அப்படியே வச்சு லேப்டாப்பை அணைக்கிறப்போ, ரேம்ல இருக்கிறதை எழுதி வைக்கிற ஃபைல் அது. உன் ரேம் 16 ஜிபி, அதுல 40%. அட்மின் கமாண்ட் ப்ராம்ப்ட்ல பவர்சிஎஃப்ஜி, ஸ்பேஸ், ஸ்லாஷ் எச், ஸ்பேஸ், ஆஃப்னு அடிச்சா போயிடும். ஆனா ஹைபர்னேட்டும் போயிடும், ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பும் போயிடும். லேப்டாப்புக்கு வேண்டாம்மா, இருக்கட்டும். ரேம் பத்தாதப்போ விண்டோஸ் எடுத்துக்கிற பேஜ்ஃபைலும் அப்படியே.

கலா: 5% வச்சாச்சு. காலி இப்போ 56 👍

மணி: லேப்டாப்ல பேக்கப் சாஃப்ட்வேர் ஏதாவது இருக்கா? இருந்தா அடுத்த பேக்கப் ஓடினதும் மேக்ஸ் யூசேஜை ஒரு தடவை பாத்துடு, திரும்ப 100 ஆக்கியிருக்கலாம்.

கலா: இருக்கு. ஞாயித்துக்கிழமை ஓடும். பாத்துட்டு சொல்றேன்.