மதுரை மாநகர எல்லையில் மூன்று தொடக்கப் பள்ளிகள்: எதில் சேர்க்கலாம்?

கேள்வி (புதுக்குடித்தனம்):
பணிமாறுதலில் மதுரையின் தெற்கு எல்லைக்குக் குடிவந்திருக்கிறோம். மகளை வரும் ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். நடக்கும் தொலைவில் மாநகராட்சித் தொடக்கப் பள்ளி, எல்லைக்கு அப்பால் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி என மூன்று உள்ளன. மாநகராட்சிப் பள்ளியில் புதுக் கட்டடமும் 130 குழந்தைகளும். ஒன்றியப் பள்ளியில் 42 பேர்தான். உதவிபெறும் பள்ளியில் சேர்த்தால் பிற்பாடு மருத்துவம் போன்ற படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காட்டு இடஒதுக்கீடு கிடைக்காது என்று பக்கத்து வீட்டார் பயமுறுத்துகிறார். எதை வைத்து ஒப்பிடுவது?

பதில் (ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்):
அந்த இடஒதுக்கீட்டுக்கு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. தொடக்கப் பள்ளிக்கும் அதற்கும் தொடர்பில்லை. கட்டடத்தையும் விட்டுவிடுங்கள், ஆசிரியர்களை எண்ணுங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி 60 குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர்கள், 121 முதல் 200 வரை ஐந்து பேர். ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் பயிற்சிக்கோ விடுப்பிலோ போய்விட்டால், அன்றைக்கு ஐந்து வகுப்புகளும் மற்றவர் தலையில்தான் விழும். பெரிய பள்ளியிலும் ஏமாந்துவிடாதீர்கள்: பணியிடம் ஐந்து என்று பதிவேட்டில் இருக்கும், ஒருவர் மாற்றுப்பணியில் வேறெங்கோ இருப்பார்.

பதில் (செல்லூர் அம்மா):
ஐயா சொல்வது சரிதான், ஆனாலும் ஈராசிரியர் பள்ளியை அவ்வளவு எளிதில் தள்ளிவிட மாட்டேன். என் மகன் அப்படியொரு பள்ளியில்தான் படிக்கிறான். அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்பிக்கும் அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் முதல் மூன்று வகுப்புக் குழந்தைகளும் ஒரே அறையில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாக அமர்ந்திருப்பார்கள். இரண்டாம் வகுப்பிலும் அவன் அரும்பில்தான் இருந்தான். ணகரமும் னகரமும் அவனுக்குக் குழம்புவதை முதலில் கண்டுபிடித்தவர் ஆசிரியைதான், நான் அல்ல. தரையில் எழுத்தை வரைந்து, அதன்மேல் புளியங்கொட்டைகளை அடுக்க வைத்தே இரண்டு வாரத்தில் சரிசெய்தார்.

சகோதரி, காலை எட்டேகாலுக்கு ஒருமுறை போய் நின்று பாருங்கள். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று நம் நெல்பேட்டையில்தான் தொடங்கியது; இன்று அரசு, அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளில் அந்த நேரத்தில் சாப்பாடும் தட்டும் இருக்கும். பொங்கல் சூடாக இருக்கிறதா, கை கழுவத் தண்ணீர் வருகிறதா, சாப்பிடாமல் ஒதுங்கி உட்கார்ந்திருக்கும் பிள்ளையை யாராவது கவனிக்கிறார்களா என்பதெல்லாம் அப்போது தெரிந்துவிடும்.

கேள்வியாளர் (புதுக்குடித்தனம்):
இருவருக்கும் நன்றி. மூன்று பள்ளிகளுக்கும் போய்வந்தேன். உதவிபெறும் பள்ளி நன்றாகவே நடக்கிறது, ஆனால் நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டும் என்பதால் விட்டுவிட்டோம். ஒன்றியப் பள்ளியில் நான் போன நாளில் ஓர் ஆசிரியர்தான் இருந்தார். நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி சின்னவர்களுக்குக் கதை வாசித்துக்கொண்டிருந்தாள், அதை அவள் அழகாகவே செய்தாள் என்றாலும் என் மனம் ஒப்பவில்லை. மாநகராட்சிப் பள்ளியில், ஐயா எச்சரித்தபடியே, ஒருவர் மாற்றுப்பணியில் இருக்கிறார். தமிழ்வழியும் ஆங்கிலவழியும் ஒரே அறையில் நடக்கின்றன. ஆனால் ஒன்றாம் வகுப்புக்கென்றே ஓர் ஆசிரியை இருக்கிறார், 23 குழந்தைகளின் பெயரையும் பார்க்காமல் சொன்னார். அங்கேயே சேர்க்கிறோம். சிறுமியர் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. பெற்றோரும் இடம்பெறும் பள்ளி மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டம் எப்போது என்று கேட்டுவைத்திருக்கிறேன்.